துறை என்ற கட்டம்

பொழிவு முடிந்து அரங்கு காலியான பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். பெயர், துறை, பதிவு எண், கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். ஒருநாள் மாலை அதில் ஒருவர் துறை என்ற கட்டத்தில் சின்னக் கோடு ஒன்று இழுத்திருந்தார். அவருக்கு அடுத்து வந்தவர் அந்தக் கோட்டைப் பார்த்துத் தானும் ஒரு கோடு. மூன்றாமவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ‘வெளியாள்’ என்று எழுதியிருந்தார். போஸ்டரில் ‘அனைவரும் வருக’ என்று கொட்டை எழுத்தில் போட்டது நான்தான். வாசலில் வைத்த தாளும் நான் அச்சிட்டதுதான். அந்தத் தாள் வந்தவரை நிறுத்தி, ‘நீ இங்கே யார்?’ என்று கேட்டிருக்கிறது.

வரலாறு, இலக்கியம், மெய்யியல், சமூகவியல், மானிடவியல் ஆகிய துறைகள் சேர்ந்து நடத்திய விருந்தினர் சொற்பொழிவுத் தொடரை 6 ஆண்டுகள் கவனித்துக்கொண்டேன். தொடங்கும்போது முனைவர் பட்ட ஆய்வு மாணவன், முடிக்கும்போது இளநிலை ஆசிரியன். ஏறத்தாழ 40 பொழிவுகள். அரங்கை முன்பதிவு செய்வது முதல் பேச்சாளரை ரயிலேற்றிவிடுவது வரை எல்லாம் என் கையில் இருந்தது. இந்த 40 பொழிவுகளில் நான் கற்றது ஏறக்குறைய முழுவதும் அந்தக் கோடு போட்டவர்களிடமிருந்துதான்.

அவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். வேதியியல் பொழிவுக்கு வருகிற பொதுமக்கள் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வருகிறார்கள். நம் துறைகளின் பொழிவுக்கு வருகிறவர் பெரும்பாலும் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி, தான் வாழ்ந்த ஒன்றைப் பற்றி, படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வருகிறார். மொழி, குடும்பம், கூலி, நோய், இடம்பெயர்வு, முதுமை. இந்தத் தலைப்புகளில் அரங்கில் இருக்கும் யாரும் புதியவர் இல்லை. பேச்சாளர் சொல்வது சரியா என்று சோதித்துப் பார்க்க அவர்களிடம் சொந்த வாழ்க்கை இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு எங்கும் கிடைக்காது என்றே நான் நினைக்கிறேன்.

கதவைத் திறந்து வைப்பது புதிய யோசனையும் இல்லை. பாரிஸின் கொலேஜ் த பிரான்ஸ் என்ற உயர்கல்வி நிறுவனம் 1530-இல் தொடங்கியது. அங்கே பட்டம் தருவதில்லை, பெயர் பதிவதில்லை, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போய் உட்காரலாம். லண்டனில் கிரஷாம் கல்லூரி 1597 முதல் பொதுமக்களுக்கு இலவசப் பொழிவுகளை நடத்துகிறது. தொடக்கக் காலத்தில் அவை லத்தீனிலும் ஆங்கிலத்திலும் சொல்லப்பட்டன. அறிஞருக்கு ஒரு மொழி, நகரவாசிக்கு ஒரு மொழி. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதை யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தது.

யாரை அழைப்பது என்பதில் நான் தடுமாறிய காலம் உண்டு. முதல் ஆண்டு, துறைத் தலைவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஐந்து பெயர்களும் அவரவர் நண்பர்கள். பொழிவுகள் மோசமில்லை. ஆனால் அழைத்தவருக்கும் வந்தவருக்கும் இடையிலான உரையாடலாகவே அவை முடிந்தன. அடுத்த ஆண்டு பட்டியலைப் பாதியாகப் பிரித்தேன். பாதி ஆசிரியர்களுக்கு, பாதி மாணவர்களுக்கு. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1917 நவம்பர் 7 அன்று மியூனிக்கில், அறிவியலைத் தொழிலாக ஏற்பது பற்றி ஆற்றிய உரை ஒரு மாணவர் அமைப்பு அழைத்து நடந்தது. நடந்த இடம்கூடப் பல்கலைக்கழக அரங்கு அல்ல, ஒரு புத்தகக் கடையின் கூடம். 1928 அக்டோபரில் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் பேசியதும் மாணவியர் மன்றங்களின் அழைப்பில்தான்; பெண்ணுக்கு எழுத ஒரு தனி அறை வேண்டும் என்ற அவருடைய புகழ்பெற்ற வாதம் அங்கிருந்துதான் கிளம்பியது. இந்த இரண்டு செய்திகளையும் எங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டித்தான் மாணவர்களுக்குப் பாதி இடம் வாங்கினேன். மாணவர்கள் அழைத்தால் கூட்டத்தை அவர்களே திரட்டிவிடுவார்கள். கேள்விகளும் அவர்களுடையவையாக இருக்கும்.

அழைப்புக் கடிதம் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் ஒரு வரலாற்றாசிரியர். நான் அனுப்பியது வழக்கமான கடிதம்: தங்கள் வருகையால் பெருமையடைவோம், தேதி இது, நேரம் இது. அவர் நான்கே கேள்விகள் கேட்டுப் பதில் எழுதினார். யார் வருவார்கள்? அவர்களில் எத்தனை பேர் இந்தத் துறை சாராதவர்கள்? எனக்கு முன்னால் இதே மேடையில் யார், எதைப் பற்றிப் பேசினார்? அறை எப்படி இருக்கும்? மூன்றாவது கேள்வியைப் படித்தபோது நெகிழ்ந்துபோனேன். முந்தைய பொழிவில் தொங்கலாக நின்ற ஒரு கேள்வியை எடுத்துத்தான் அவர் தன் உரையைத் தொடங்கினார். தொடர் என்ற சொல்லுக்கு அன்றுதான் பொருள் கிடைத்தது. அதன் பிறகு இந்த நான்கு விவரங்களையும் யாரும் கேட்காமலே முதல் கடிதத்தில் எழுதினேன். பயணச் செலவும் மதிப்பூதியமும் எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிட வேண்டும். அதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களில் இளம் ஆய்வாளர்களும் சொந்தமாக இயங்கும் எழுத்தாளர்களும்தான் அதிகம்; அந்தப் பணம் மிகவும் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

தலைப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். ‘பின்காலனியச் சூழலில் நினைவின் அரசியலும் பிரதிநிதித்துவ நெருக்கடிகளும்: சில குறிப்புகள்’ என்கிற மாதிரி ஒரு தலைப்பை அப்படியே போஸ்டரில் போட்டு, 200 இருக்கை அரங்கில் 11 பேருடன் உட்கார்ந்திருக்கிறேன். உரையோ அருமையான உரை. போருக்குப் பிறகு ஓர் ஊர் யாருக்கெல்லாம் சிலை வைத்தது, யாருக்கு வைக்கவில்லை என்பதுதான் அதன் விஷயம். அந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் அரங்கு நிறைந்திருக்கும். பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1882 மார்ச் 11 அன்று பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேசிய உரையின் தலைப்பு ‘தேசம் என்றால் என்ன?’ என்பதுதான். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் இ. எச். கார் 1961-இல் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய தொடர் பொழிவுகளுக்கு ‘வரலாறு என்றால் என்ன?’ என்று பெயர். கேள்வியாக ஒரு தலைப்பு இருந்தால் பதில் கேட்க ஆள் வரும். பேச்சாளரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம். ‘இந்த உரையை உங்கள் அம்மாவிடம் ஒரு வரியில் சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று எழுதிக் கேட்பேன். வந்த பதிலையே பல முறை தலைப்பாக்கினோம். கனமான தலைப்பு வேண்டுமென்றால் கீழே சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

அறிமுக உரைகளைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஒரு மானிடவியல் அறிஞர் வந்த நாளில் வரவேற்புரை, தலைமையுரை, தொடர் பற்றிய விளக்கம், பேச்சாளர் அறிமுகம் என்று வரிசையாகப் போய், அவர் மைக்கைத் தொட்டபோது 24 நிமிடம் ஓடியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவர் தாள்களைப் புரட்டி நடுவில் ஐந்தாறு பக்கங்களை ஒதுக்கி வைத்தார். அவை என்ன பக்கங்கள் என்று பிறகு கேட்டேன். இரண்டு ஆண்டு களப்பணியில் அவர் தங்கியிருந்த வீட்டைப் பற்றிய பகுதியாம். பொதுமக்கள் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். நேரம் குறைந்தால் பேச்சாளர் முதலில் வெட்டுவது கதையை. கோட்பாட்டை ஒருபோதும் வெட்டமாட்டார். அதற்கடுத்த பொழிவிலிருந்து மேடையில் ஒரே ஒருவர், 3 நிமிடம். பட்டங்களும் விருதுகளும் போஸ்டரிலேயே இருக்கின்றன. இவர் இத்தனை ஆண்டுகளாக எந்தக் கேள்வியின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் அறிமுகம் செய்பவர் சொன்னால் போதும். நன்றியுரையை இரண்டு வரியாக்கி, கேள்வி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுவோம்.

இனி சொல்லப்போவது நான் எப்போதும் நினைத்துக்கொள்ளும் ஒரு மாலை.

வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒரு சமூகவியலாளர் பேச வந்தார். தலைப்பை அவர் எளிமையாகவே தந்திருந்தார்: ‘வீட்டு வேலைக்கு என்ன மதிப்பு?’ போஸ்டரைப் பார்த்துவிட்டு, அந்த வேலை செய்கிற இருவர் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பேச்சாளருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், வாசலில் பேசியிருந்தேன். அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் பிழை.

உரை முழுக்க ‘அவர்கள்’ என்ற சொல். அவர்கள் ஒப்பந்தமின்றி வேலை செய்கிறார்கள், அவர்களுடைய உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவர்களுக்கு அமைப்பு இல்லை. எல்லாம் உண்மை, எல்லாம் அக்கறையோடு சொல்லப்பட்டவை. பேச்சாளர் இவர்கள் பக்கம் நிற்பவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. கேள்வி நேரத்தில் இருவரில் மூத்தவர் எழுந்தார். ‘நீங்க முறைசாரா உழைப்பு, முறைசாரா உழைப்புன்னு சொன்னீங்களே, அது நாங்கதானா?’ என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே உறுதிசெய்துகொள்ளக் கேட்டார்.

பேச்சாளர் சில விநாடி பேசாமல் நின்றார். பிறகு ‘ஆமாம்மா, நீங்கதான்’ என்றார். அதன் பிறகு அவர் பேசிய 10 நிமிடத்தில் ‘அவர்கள்’ வரவில்லை, ‘நீங்கள்’ வந்தது. சொல் மாறியதும் வாதமே மாறத் தொடங்கியது. ‘உங்களுக்கு அமைப்பு இல்லை’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ‘உங்களுக்குள் ஏதாவது ஏற்பாடு உண்டா?’ என்று கேட்க வேண்டியிருந்தது. உண்டு என்றார்கள். ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் இன்னொருவர் போய் அந்த வீட்டு வேலையைச் செய்துகொடுப்பது, எந்த வீட்டில் எவ்வளவு கேட்கலாம் என்று பேசி வைத்துக்கொள்வது. பேச்சாளர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து மேடையிலேயே எழுதத் தொடங்கினார். ஆய்வாளரும் ஆய்வுக்குரியவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்வது நம் துறைகளில் மட்டும்தான் நடக்கக்கூடியது. பொதுப் பொழிவை இதற்காகவே நடத்தலாம் என்று அன்று தோன்றியது.

அந்த மாலைக்குப் பிறகு ஒவ்வொரு பேச்சாளரிடமும் தவறாமல் சொல்வது இது: நீங்கள் யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவர்கள் அரங்கில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். பெரும்பாலும் இருப்பார்கள். நோயாளிகளைப் பற்றிப் பேசினால் நோயாளி இருப்பார். அகதிகளைப் பற்றிப் பேசினால் அகதியின் மகள் இருப்பாள். படங்கள் காட்டுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். படத்தில் இருப்பவரை அடையாளம் தெரிந்தவர் இருக்கக்கூடும்.

கேள்வி நேரத்தை நெறிப்படுத்துவது தனிக் கலை. முதலில் செய்ய வேண்டியது அதற்குப் போதிய நேரம் ஒதுக்குவது. 90 நிமிடம் இருந்தால் உரைக்கு 50, கேள்விக்கு 40 என்று நான் பிரித்தேன். உரை முடிந்ததும் உடனே ‘கேள்விகள் உண்டா?’ என்று கேட்டால் எழுவது மூத்த பேராசிரியர்தான். அவர் கேட்பதும் பெரும்பாலும் இன்னொரு சிற்றுரை. அதன் பிறகு வெளியிலிருந்து வந்தவர் வாய் திறக்கமாட்டார். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு 10 நாடுகளில் 247 கருத்தரங்குகளில் ஆட்களை உட்கார வைத்துக் கவனித்தது. முதல் கேள்வி ஆணிடமிருந்து வந்தால் அதன் பிறகு பெண்கள் கேட்கும் கேள்விகள் குறைகின்றன என்று அதில் தெரிந்தது. இதைப் படித்த பிறகு முதல் கேள்வியை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தற்செயலுக்கு விட்டதே இல்லை.

நான் கடைப்பிடித்த வழி எளிது. உரை முடிந்ததும் 3 நிமிடம் இடைவெளி விடுவேன். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள், உங்களுக்குப் புரியாதது எது, உடன்பாடில்லாதது எது என்று சொல்லிப் பாருங்கள் என்பேன். அரங்கில் சட்டென்று சலசலப்பு எழும். ஒருமுறை பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்த்த கேள்வியை மைக்கில் கேட்பது அவ்வளவு பயமாக இருப்பதில்லை. முதல் கேள்வி மாணவருக்கோ வெளியிலிருந்து வந்தவருக்கோ. ஆசிரியர்கள் நான்காவது கேள்வி வரை காத்திருக்க வேண்டும். சிலருக்கு இது பிடிக்கவில்லை, நேரிலேயே சொன்னார்கள். நான் மாற்றவில்லை. எழுந்து நிற்கக் கூச்சப்படுகிறவர்களுக்குச் சிறு சீட்டும் பேனாவும் இருக்கைதோறும் வைத்தோம். மிக நல்ல கேள்விகளில் பாதி அந்தச் சீட்டுகளில் வந்தவை.

கூட்டம் சேருவதையே வெற்றியாக நினைக்க வேண்டாம் என்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷேல் ஃபூக்கோ கொலேஜ் த பிரான்ஸில் பேசிய காலத்தில் கூட்டம் வழிந்து, பக்கத்து அரங்கில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டார்கள். 1976 ஜனவரியில் அவர் அதைப் பற்றி வருந்திப் பேசியிருக்கிறார்: இத்தனை பேர் இருந்தும் கேட்பவர்களோடு பேச வழியே இல்லை என்று. கூட்டத்தைக் குறைக்கப் பொழிவைக் காலை 9.30 மணிக்கு மாற்றிப் பார்த்தார். எங்கள் தொடரின் மிகச் சிறந்த மாலைகளில் 30, 40 பேர்தான் இருந்தார்கள். அந்த அளவு கூட்டத்துக்குப் பெரிய அரங்கு எடுக்காதீர்கள். சிறிய அறை நிறைந்தால் பேச்சாளர் குரலே மாறிவிடும்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. ‘எனக்கு மைக் வேண்டாம், என் குரல் கடைசி வரிசை வரை கேட்கும்’ என்று சொல்லும் பேச்சாளரிடம் பணிவாக, ஆனால் விடாமல் மைக்கைக் கொடுங்கள். காது மந்தமான ஒருவர் கையைத் தூக்கி ‘கேட்கவில்லை’ என்று சொல்லமாட்டார். அமைதியாக எழுந்து போய்விடுவார், அடுத்த முறை வரமாட்டார். கேள்வி கேட்பவருக்கும் மைக் வேண்டும். ஒரு மைக் மட்டும் இருந்தால் நெறியாளர் கேள்வியைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பதிவு செய்வதில் தொடக்கத்தில் நான் கவனமில்லாமல் இருந்தேன். பேச்சாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவோம், கேட்பவர்களை மறந்துவிடுவோம். நம் பொழிவுகளில் கேள்வி கேட்பவர்கள் பல நேரம் தன் கணவனைப் பற்றி, முதலாளியைப் பற்றி, தன் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறார்கள். அது இணையத்தில் என்றென்றும் இருப்பது நியாயமில்லை. உரை முடிந்ததும் கேமராவை நிறுத்துகிறோம் என்று எல்லோரும் கேட்க அறிவித்து, அப்படியே நிறுத்திவிடுவோம். அறிவித்த நாளிலிருந்து கேள்விகளின் தன்மையே மாறியது. 2020-இல் எல்லாம் ஜூமுக்குப் போனபோது, படியேற முடியாதவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் முதல் முறையாக வந்தார்கள். அரங்கு மறுபடி திறந்த பிறகும் அவர்களுக்காக இணைய வழியை மூடாமல் வைத்திருந்தோம்.

பதிவேட்டையும் மாற்றினேன். துறையும் பதிவு எண்ணும் போயின. பெயர், விரும்பினால் மட்டும். அடுத்த கட்டத்தில் ‘இந்தப் பொழிவு பற்றி எப்படித் தெரிந்தது?’ மூன்றாவது கட்டத்தில் ‘அடுத்து எதைப் பற்றிக் கேட்க ஆசை?’ அந்த மூன்றாவது கட்டத்தில் வந்தவற்றைத் தொகுத்துத்தான் கடைசி இரண்டு ஆண்டுகளின் பட்டியலைப் போட்டோம். முதியோரைப் பார்த்துக்கொள்வது பற்றி, வட்டாரப் பேச்சுமொழி பற்றி, கடன் பற்றி. எந்தத் துறைக் கூட்டத்திலும் யாரும் சொல்லாத தலைப்புகள்.

நீங்கள் இப்படி ஒரு தொடரை எடுத்து நடத்தப் போகிறீர்கள் என்றால், அரங்கைப் பொழிவு நேரத்துக்குப் பிறகு அரை மணி நேரம் கூடுதலாக முன்பதிவு செய்யுங்கள். பேச்சாளரை உடனே துறைத் தலைவர் அறைக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். மேடையை விட்டு இறங்கி, முன்வரிசை நாற்காலியில் அவர் உட்காரட்டும். விளக்கை அணைக்க வரும் ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த இரண்டு பெண்களும் அன்று 40 நிமிடம் பேச்சாளரோடு உட்கார்ந்து பேசினார்கள். சாவியை வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.